பங்குனியில் கத்தரிக்கோல் எடுத்த கதை

நாகமலைப் புதுக்கோட்டைக்கு நாங்கள் குடிவந்தது ஒரு தை மாதம். அதற்கு முன் 11 வருடம் கொடைக்கானலில் இருந்தோம். கணவருக்கு அங்கே வேலை. வீட்டைக் காலி செய்தபோது பாத்திர பண்டங்களோடு 26 செடித் தொட்டிகளும் லாரியில் ஏறின. ரோஜா, ஜெரேனியம், ஹைட்ரேஞ்சியா, ஃபியூஷியா என்று எல்லாம் குளிரில் வளர்ந்த பிள்ளைகள். வத்தலக்குண்டில் டீ குடிக்க நிறுத்தியபோது, "இதெல்லாம் கீழ வருமாம்மா?" என்று லாரி ஓட்டி வந்த அண்ணன் கேட்டார். "தண்ணி ஊத்துனா எதுண்ணே வராது?" என்றேன்.

சித்திரைத் திருவிழாவுக்குக் கொடியேறிய அன்று எண்ணிப் பார்த்தேன். உயிரோடு நின்றவை நான்கு.

வெயில்தான் கொன்றுவிட்டது என்று ரொம்ப நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதிதான் உண்மை. மீதிப் பாதிக்கு நான் பொறுப்பு. கொடைக்கானலில் மார்கழியும் தையும் உறைபனிக் காலம். மாசிக் கடைசியில் பனியின் கடுமை தணிந்ததும் ரோஜாவைக் கவாத்து செய்வோம், மண்ணைக் கிளறி எரு வைப்போம். 11 வருடம் கை அதற்கே பழகிவிட்டது. மதுரைக்கு வந்தும் அதே கணக்கில் பங்குனி முதல் வாரம் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அத்தனை ரோஜாவையும் முழங்கால் உயரத்துக்கு வெட்டி, ஆளுக்கு இரண்டு கை கோழி எரு வைத்தேன். பத்தே நாளில் செக்கச்செவேலென்று துளிர் வந்தது. கொடைக்கானல் சிநேகிதிக்குப் படம் எடுத்து அனுப்பினேன். அடுத்த வாரம் அந்தத் துளிரெல்லாம் சுட்ட அப்பளம் மாதிரி தொட்டால் நொறுங்கியது.

பக்கத்து வீட்டில் ஒரு அப்பத்தா இருக்கிறார். உசிலம்பட்டிப் பக்கம் காடு கரை பார்த்தவர். மகன் வீட்டோடு வந்து வருடங்கள் ஆகிவிட்டன. தெருவுக்கே அவர் அப்பத்தாதான். மதில் மேல் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏத்தா, பச்சப் புள்ளைக்கு மொட்டையடிச்சு உச்சி வெயில்ல ஒக்கார வச்சிருக்கியே, நல்லாவா இருக்கு?" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் சொன்னது உறைக்க இன்னொரு கோடை ஆயிற்று.

இதைச் சொல்ல கொடைக்கானல் பனியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கீழே இருப்பவர்கள் பனி என்றால் மார்கழியில் கோலம் போடும்போது கழுத்தில் இறங்குமே, அதை நினைப்பார்கள். 7,000 அடி உயரத்தில் அது வேறு சமாச்சாரம். மேகமும் காற்றும் இல்லாமல் வானம் பளிச்சென்று நட்சத்திரத்தோடு இருக்கிற இரவுதான் பயப்பட வேண்டிய இரவு. மேகம் இருந்தால் போர்வை மாதிரி தரையின் சூட்டைக் காப்பாற்றும். அது இல்லாவிட்டால் சூடெல்லாம் மேலே போய்விடும். விடிகாலையில் புல்லின் மேல் உப்பைத் தூவியதுபோல் வெள்ளையாக இருக்கும். வெயில் பட்டதும் அது உருகிவிடும், பார்க்க அழகுதான். ஆனால் பத்து மணிக்குப் போய் பீன்ஸ் பாத்தியைப் பார்த்தால் வெந்நீர் ஊற்றியதுபோல் இலைகள் கருத்துத் தொங்கும்.

எங்கள் வீட்டுக் கொல்லை சரிவானது. மேல் தட்டில் ஒரு பாத்தி, நாலடி கீழே ஒரு பாத்தி. ஒரே நாள் விதைத்த பீன்ஸ். ஒரு தை மாதக் காலையில் கீழ்ப் பாத்தி முழுக்கக் கருகிக் கிடக்க, மேல் பாத்தி ஒன்றும் நடக்காததுபோல் நின்றது. அங்கே பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிற ஒருவர்தான் காரணம் சொன்னார். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் மாதிரி பள்ளத்தைத் தேடி ஓடித் தேங்கும். அதற்குப் பிறகு பனி மாதங்களில் கீழ்த் தட்டில் பூண்டும் முட்டைக்கோசும் மட்டும்தான் போட்டேன். அவை குளிரைத் தாங்கும்.

பனிக்குச் செடிமேல் சாக்கைப் போர்த்துவதிலும் ஒரு முறை இருக்கிறது. இரவு படுக்கப் போகும்போது போர்த்திப் பயனில்லை. வெயில் சாய்வதற்குள் போர்த்தினால்தான் பகலில் மண் வாங்கி வைத்த சூடு உள்ளே நிற்கும். நாலு குச்சி ஊன்றி அதன்மேல் போட வேண்டும், துணி இலையைத் தொடக்கூடாது. காலையில் வெயில் ஏறியதும் எடுத்துவிட வேண்டும். முந்தின நாள் மாலைக்குள் மண்ணை நனைத்து வைப்பதும் நல்லது. ஈர மண்ணுக்குச் சூட்டைத் தாங்கி வைக்கும் சக்தி அதிகம்.

முக்கியமான பாடம் இன்னொன்று. பனியில் கருகிய இலையை உடனே வெட்டக்கூடாது. அசிங்கமாகத்தான் இருக்கும், கை துறுதுறுக்கும். ஆனால் அந்தக் கருகின இலைதான் அடியில் இருக்கும் மொட்டுக்குக் குடை. வெட்டினால் செடி உடனே இளந்துளிர் விடும், அடுத்த பனி அதையும் தின்னும். எரு வைத்தாலும் இதே கதை. அதனால் ஐப்பசி தாண்டினால் கொடைக்கானலில் தழைச்சத்து எருவை நிறுத்திவிடுவோம். ப்ளம், பேரி மரங்கள் இலையெல்லாம் உதிர்த்துவிட்டுச் சும்மா நிற்கும். செடி தூங்குகிற காலம், எழுப்பாதே. அவ்வளவுதான் அங்கே தோட்ட வேலை.

இத்தனையும் தெரிந்துகொண்டு வந்த நான், மதுரையில் தூங்குகிற செடியை எழுப்பினேன் பாருங்கள், அதுதான் வேடிக்கை. இங்கே தூக்கம் மார்கழியில் இல்லை. பங்குனி, சித்திரை, வைகாசி. வெயிலில் வெந்த இலையும் பனியில் வெந்த இலையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். கோடைதான் மதுரைச் செடிக்குக் குளிர்காலம். இதைப் புரிந்துகொண்ட பிறகு கொடைக்கானலில் பனிக்குச் செய்ததை எல்லாம் வெயிலுக்குச் செய்ய ஆரம்பித்தேன். செடிகள் சாவது நின்றது.

இப்போது மாசி பாதியானதும் கத்தரிக்கோல், எருச் சாக்கு, களைக்கொத்து மூன்றையும் எடுத்து மேலே போட்டுவிடுகிறேன். தொட்டி மாற்றுவது, பதியன் பிரிப்பது எதுவும் ஆடி வரை கிடையாது. வெந்த இலையை வெட்டுவதும் இல்லை. அதுவே அடித் தண்டுக்கு நிழல். பக்கத்து வீடுகளில் "தண்ணி ஊத்தாம விட்டுட்டீங்களா?" என்று கேட்பார்கள். கேட்கட்டும்.

தொட்டிகளை மொட்டை மாடியிலிருந்து இறக்கி, வீட்டின் கிழக்குப் பக்கம் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் வைப்பேன். காலை வெயில் கிடைக்கும், மேற்கு வெயில் சுவரோடு நின்றுவிடும். நாகமலை அடிவாரத்துக்காரர்களுக்கு ஒரு கூடுதல் தொல்லை உண்டு. பகலெல்லாம் காய்ந்த பாறை, சூரியன் இறங்கின பிறகும் அனல் கக்கும். நெருக்கமாக வைத்த தொட்டிகள் ஒன்றுக்கொன்று நிழல் கொடுத்துக்கொள்ளும். ஓரத் தொட்டிகளுக்கு மட்டும் ஈரச் சாக்கைச் சுற்றுவேன். மேலே 50 சதவீத நிழல் தரும் பச்சை வலை. 75 சதவீத வலையும் கடையில் உண்டு. ஆசைப்பட்டு ஒரு வருடம் அதைக் கட்டினேன், செடியெல்லாம் வெளிறி நெடுநெடுவென்று வளர்ந்து சாய்ந்தது. கருப்பு பிளாஸ்டிக் தொட்டி வேண்டவே வேண்டாம். பிற்பகல் மூன்று மணிக்கு அதன் பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், உள்ளே வேர் என்ன பாடுபடும் என்று தெரியும்.

தண்ணீர் காலை ஆறரை மணிக்குள். அதற்கும் ஒரு தவறு செய்து கற்றுக்கொண்டேன். ஒருநாள் எழத் தாமதமாகி பதினோரு மணிக்குக் குழாயைத் திறந்து, வெயிலில் கிடந்த பச்சை ஹோஸைப் பிடித்து நேராகத் தக்காளி நாற்றில் அடித்தேன். ஹோஸுக்குள் தேங்கியிருந்த தண்ணீர் கொதிக்கக் கொதிக்க வந்தது. என் காலில் பட்ட பிறகுதான் தெரிந்தது. எட்டு நாற்று அங்கேயே போயிற்று. கோடையில் ஹோஸின் முதல் தண்ணீரை எப்போதும் வாளியில் பிடித்து ஆறவிடுங்கள்.

உச்சி வெயிலில் இலை துவண்டால் பதறி ஊற்ற வேண்டாம். பூசணி, சுரை, செம்பருத்தி எல்லாம் மதியம் துவண்டு சாயங்காலம் தானாக நிமிரும். சாயங்காலமும் நிமிரவில்லை என்றால்தான் தாகம். ஆள்காட்டி விரலை இரண்டு கணு அளவு மண்ணில் விட்டுப் பார்ப்பதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியவில்லை.

வேம்பிடம்தான் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. "பங்குனி தூங்குற மாசம்னா வேப்பமரம் மட்டும் எப்படி அப்பத்தா துளுக்குது?" என்றேன். கொடைக்கானலில் ப்ளம் மரம் உதிர்த்தால் மாதக்கணக்கில் மொட்டையாக நிற்கும். இங்கே வேம்பும் புங்கும் மாசியில் உதிர்த்த சூட்டோடு தளதளவென்று தழைத்துவிடுகின்றன. "அதுக்கு வேரு பாதாளத்துல கெடக்கு. ஒன் தொட்டிக்கு ஒரு சாண். ரெண்டும் ஒண்ணா?" என்றார். அதோடு நிறுத்தாமல், "அது ஏன் இப்ப உதுக்குதுன்னு நெனச்ச? ஒனக்குத்தான்" என்று மதில் ஓரம் குவிந்து கிடந்த சருகைக் காட்டினார்.

மூடாக்கு என்று இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அது வேப்பஞ்சருகு. நான்கு விரல் கனத்துக்கு வேர்ப் பகுதியில் பரப்பி, தண்டை ஒட்டாமல் சுற்றி ஒரு விரல் இடம் விட்டால் போதும். இரண்டு நாளைக்கு ஒருமுறை ஊற்றினாலும் அடி மண் குளிர்ச்சியாக இருக்கிறது. கடலைத் தோல், கரும்புச் சோகையும் நல்லதுதான், ஆனால் அவற்றைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஒரு எச்சரிக்கை, சருகுக்குள் தேள் வரும். வெறும் கையை விடாதீர்கள்.

தரையில் இருக்கிற எலுமிச்சைக்கும் கறிவேப்பிலைக்கும் பக்கத்தில் ஒவ்வொரு சின்ன மண் கலயத்தைக் கழுத்து வரை புதைத்திருக்கிறேன். வர்ணம் பூசாத, நன்றாகக் கசியும் கலயம். நிரப்பி, கொசு போகாமல் மேலே ஒரு ஓட்டுச்சில்லால் மூடிவிட்டால் வேர் தனக்கு வேண்டியதை உறிஞ்சிக்கொள்கிறது. நாலு நாள் கல்யாணத்துக்குப் போய் வந்தாலும் கவலையில்லை.

இங்கே போர் தண்ணீர் உப்பு. தொட்டி ஓரத்தில் வெள்ளையாகப் படியும். ஹைட்ரேஞ்சியா செத்ததில் வெயிலுக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு இந்தத் தண்ணீருக்கும் உண்டு. அது கொடைக்கானலின் அமில மண்ணில் நீலமாகப் பூக்கும். இங்கே இலை நரம்பு மட்டும் பச்சையாக நிற்க மற்றதெல்லாம் மஞ்சளாகி, பூக்காமலே போனது. அது இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இருந்தாலும் காரத் தண்ணீர் அதை வேருக்குக் கிடைக்க விடாது. இப்போது மழைத் தண்ணீரை 200 லிட்டர் டிரம்மில் பிடித்து, நாற்றுக்கும் விதைக்கும் மட்டும் சிக்கனமாக வைத்துக்கொள்கிறேன். கொடைக்கானல் மலைப்பூண்டையும் ஒருமுறை ஊன்றிப் பார்த்தேன். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டாயிற்றே, ஒரு பாத்தியாவது வராதா என்ற ஆசை. தாள் வந்தது, குழம்புக்குக் கிள்ளிப் போட்டேன். கிழங்கு கட்டவில்லை.

கோடையில் காய்க்கிறவை இல்லாமல் இல்லை. கொத்தவரையும் வெண்டையும் தண்டுக்கீரையும் வெயிலைச் சட்டை செய்வதில்லை. காகிதப்பூ தண்ணீரைக் குறைத்தால்தான் கொட்டிப் பூக்கும். தக்காளியை மட்டும் சித்திரையில் எதிர்பார்க்காதீர்கள். பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் புழுக்கம் விடாத நாட்களில் பூ வரும், பிஞ்சு பிடிக்காமல் உதிரும். அதற்கு டானிக் விற்கிறார்கள். நான் வாங்கித் தெளித்துப் பார்த்தேன், கடைக்காரருக்குத்தான் நல்லது.

ஆடிக் காற்றைப் பற்றி யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. மேற்கிலிருந்து மண்ணை வாரிக்கொண்டு வரும். மாடியில் சவுக்குக் குச்சியில் கட்டிய பீர்க்கம் பந்தல் இரண்டாவது வருடம் அப்படியே பக்கத்து மாடிக்குப் போய்விட்டது. வெயிலைவிடக் காற்று மண்ணைச் சீக்கிரம் காய வைக்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஆடியில் இப்போது பந்தலைத் தரையில்தான் போடுகிறேன், கொடி ஏறுகிற வரை மேற்குப் பக்கம் ஒரு தென்னந்தடுக்கு.

ஆடிப்பட்டம் தேடி விதை என்கிறோம். எதற்காக ஆடி என்று அவரைக்கொடிதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. வந்த வருடம் மாசியில் பந்தல் அவரை போட்டேன். கோடையெல்லாம் குடம் குடமாக ஊற்றிக் காப்பாற்றினேன். தகரக் கொட்டகை முழுக்கப் படர்ந்தது. ஒரு பூ இல்லை. ஆவணியில் பொறுமை போய் வேரோடு பிடுங்கிப் போட்டேன். அப்பத்தா தலையில் கை வைத்தார். "இன்னும் ரெண்டு மாசம் பொறுத்திருந்தா ஊருக்கே குடுத்திருக்கலாமேத்தா." நம் நாட்டுப் பந்தல் அவரை பகல் சுருங்கி இரவு நீண்டால்தான் பூக்கும். மாசியில் போட்டாலும் ஆடியில் போட்டாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான் பூ. ஆடியில் போட்டால் அஞ்சு மாசத் தண்ணீர் மிச்சம். எல்லாக் காலத்திலும் காய்க்கிற குத்துச்செடி அவரை வேறு ரகம். விதை வாங்கும்போது கேட்டு வாங்குங்கள்.

ஐப்பசி மழை வந்தால் கோடைக்குச் செய்ததை எல்லாம் கலைக்க வேண்டும். வலையைக் கழற்றி, மூடாக்கை ஒதுக்கி, தொட்டியின் அடி ஓட்டையைக் கம்பியால் குத்திவிட வேண்டும். தொட்டிக்கு அடியில் இரண்டு ஓட்டுச்சில் வைத்துத் தூக்கிவிட்டால் தண்ணீர் நிற்காது. முருங்கையில் கம்பளிப்பூச்சி அடைவதும் இப்போதுதான். பகலில் அடிமரத்தில் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும். நீளக் கம்பில் துணி சுற்றிச் சோப்புத் தண்ணீர் வாளிக்குள் வழித்துத் தள்ளுவோம். முழுக்கைச் சட்டை இல்லாமல் கிட்டே போகாதீர்கள், அரிப்பு ரெண்டு நாள் விடாது. மாவுப்பூச்சிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து சாயங்காலம் அடிப்பேன். மழைக்குப் பின் மறுபடி அடிக்க வேண்டும், ஒருமுறை அடித்தால் போதும் என்று நினைத்துத்தான் செம்பருத்தியை இழந்தேன்.

சரி, கத்தரிக்கோல் எப்போது? கார்த்திகையில். குறிப்பாக மல்லிகைக்கு. மதுரையில் வீடு வைத்துக்கொண்டு மல்லி இல்லாமல் இருக்க முடியுமா? 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்த பூ, வாசல் ஓரத்தில் மூன்று செடி நிற்கிறது. நவம்பர் கடைசி வாரம், தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு மொத்தத்தையும் வெட்டுவேன். காய்ந்தது, குறுக்கே போவது, அடியில் கிளம்பும் மெலிந்த குச்சி எல்லாம் போகும். இலையையும் உருவிவிடுவேன். முதல் வருடம் வெட்டுகையில் மனசு அடித்துக்கொண்டது. மார்கழி, தையில் பூ வரத்து குறைந்து மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் விலை ஏறிக் கிடக்கும்போது, கையில் இருக்கிற செடியை வெட்டுவதா என்று வீட்டில் சத்தம். ஆனால் அந்தக் குளிரில் செடி எப்படியும் அதிகம் பூப்பதில்லை. வெட்டி, சுற்றிலும் அரையடி தள்ளி மக்கிய தொழு உரம் போட்டால், மாசிக் கடைசியில் புதுக் குச்சியின் நுனியில் மொட்டு தெரியும்.

மொட்டைப் பார்த்தால் நெருங்கிப் பாருங்கள். நல்ல மொட்டு அரிசி நிறத்தில், விரலில் உருட்டினால் கெட்டியாக இருக்கும். ஊதா பாய்ந்து, பக்கத்தில் ஊசிமுனை அளவு ஓட்டையும் இரண்டு மூன்று மொட்டைச் சேர்த்துக் கட்டிய நூலும் இருந்தால் உள்ளே மொட்டுப்புழு. மூன்று செடிக்கு மருந்தெல்லாம் தேவையில்லை. காலையில் பறிக்கும்போதே கெட்டதைத் தனியாகக் கிள்ளிச் சோப்புத் தண்ணீரில் போட்டுவிடுவேன். கொத்திலேயே விட்டால் அடுத்த கொத்துக்குப் போகும்.

மார்கழியும் தையும்தான் மதுரைத் தோட்டத்துக்கு வசந்தம். கொத்தமல்லி, முள்ளங்கி, பாலக்கு, அவரை, தக்காளி எல்லாம் ஒன்றுபோல் வரும். கேரட்கூட விரல் அளவுக்கு வந்தது. கொடைக்கானலில் சாக்கோடு ஓடிக்கொண்டிருந்த அதே நாட்களில் இங்கே நான் கூடையோடு நிற்கிறேன்.

அந்த நான்கு கொடைக்கானல் தொட்டிகளில் இன்று மிச்சம் ஒரே ஒரு ரோஜா. பெயர் தெரியாத இளஞ்சிவப்பு. இந்தப் பங்குனியிலும் பாதி இலை ஓரம் கருகி, பார்க்கச் சகிக்காமல் கிழக்குச் சுவர் ஓரம் நிற்கிறது. நேற்று வந்த நாத்தனார், "என்ன மதினி, இதைத் தூக்கிப் போடாம வச்சிருக்கீங்க?" என்று கருகின கிளையை ஒடிக்கப் போனார். நான் வாய் திறப்பதற்குள் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "கைய எடுத்தா. அது தூங்குது."